தொடையில் பட்டை கட்டினால் 290 மடங்கா?

கர்லாக்கட்டை: "தொடையில் பட்டை கட்டி ரத்தத்தை நிறுத்திப் பயிற்சி செய்தால் வளர்ச்சி ஹார்மோன் 290 மடங்கு ஏறும், பெரிய எடையே வேண்டாம்" என்று நேற்று தண்டால்மன்னன் எழுதியிருந்தார். 290 மடங்கு! இந்நேரம் வாசல் நிலை தலையில் இடித்திருக்க வேண்டுமே சார்?

தண்டால்மன்னன்: நக்கல் மட்டும் நன்றாக வருகிறது. 2000-ல் ஜப்பானில் தகரதா குழு வெளியிட்ட ஆய்வு. உச்ச எடையில் 20 சதவீதம்தான் தூக்க வைத்தார்கள். 290 மடங்கு. நானாகச் சொன்ன எண் இல்லை.

கர்லாக்கட்டை: எத்தனை பேரிடம்? ஆறே பேர். சும்மா இருக்கும்போது அந்த ஹார்மோன் கிட்டத்தட்ட பூஜ்யம். கொஞ்சம் ஏறினாலே மடங்குக் கணக்கு எகிறும். கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2010-ல் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு கைக்குத் தனியாகப் பயிற்சி, மறு கைக்குப் பயிற்சி முடிந்ததும் கால் பயிற்சியும் கொடுத்து ஹார்மோனை ஏற்றினார்கள். 15 வாரம் கழித்து இரண்டு கையும் ஒரே அளவுக்குத்தான் வளர்ந்திருந்தன.

எலும்புநரம்பு: நான் பிசியோதெரபிஸ்ட். முதலில் "நிறுத்தி" என்பதே தப்பு. தமனியை முழுதாக அடைக்கும் அழுத்தத்தில் 40 முதல் 80 சதவீதம்தான் வைப்போம். உள்ளே வரும் ரத்தம் குறையும், திரும்பும் ரத்தம் தேங்கும். ஆக்சிஜன் போதாமல் தசையில் உள்ள மெது நார்கள் (மெதுவாக இயங்கும் இழைகள்) சீக்கிரம் களைத்துவிட, பெரிய எடைக்கு மட்டும் எழுந்து வரும் வேக நார்கள் சின்ன எடைக்கே வேலைக்கு வரும். ரத்த உறைவு வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

தண்டால்மன்னன்: ஆக, வேலை செய்கிறது. நன்றி அக்கா. 290.

கர்லாக்கட்டை: தசை வளராது என்று நான் எங்கே சொன்னேன்? பலம் ஏற வேண்டுமென்றால் பெரிய எடைதான் முன்னால் நிற்கும். என் சண்டை 290-உடன். முட்டை மஞ்சள் கரு விவாதத்திலும் இப்படித்தான் ஒரு எண்ணைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள்.

மாடிப்படி: மூச்சை இறுக்கும் அந்தக் கறுப்பு முகமூடி போட்டு ஸ்குவாட் செய்கிறேன். இதுவும் அதே கணக்குதானே?

கர்லாக்கட்டை: இல்லவே இல்லை. மலை மேல் பயிற்சி செய்வது போல என்று சொல்லித்தான் அதை விற்கிறார்கள். ஆனால் மலை மேலேயும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். அங்கே குறைவது காற்றழுத்தம். முகமூடியால் அழுத்தம் குறையாது, மூச்சு இழுக்கக் கஷ்டமாக இருக்கும், அவ்வளவுதான். பக்கத்தில் நிற்பவர்கள் வேண்டுமானால் பயப்படுவார்கள்.

மாடிப்படி: கேள்வி கேட்டால் கேலியா? இதனால்தான் இங்கே யாரும் எழுதுவதில்லை.

தண்டால்மன்னன்: மஞ்சள் கருவை இழுத்தது யார்? ஜப்பான்காரர் யோஷியாகி சாதோ 1966-ல் சடங்கில் மண்டியிட்டு உட்கார்ந்து, கால் மரத்துப்போனதில் கண்டுபிடித்த முறை இது. அப்போது நீங்கள் பிறந்தே இருக்க மாட்டீர்கள்.

கர்லாக்கட்டை: கால் மரத்ததும் ஹார்மோனை அளந்தாராமா? 290 வந்ததா?

எலும்புநரம்பு: அதெல்லாம் இருக்கட்டும். தண்டால்மன்னன், எதை வைத்துக் கட்டுகிறீர்கள்?

தண்டால்மன்னன்: சைக்கிள் டியூப். ஏன்?