கலைச்சொல்: வடிந்த பின்னும் தொட்டியடியில் நிற்கும் நீருக்கு

வணக்கம்.

பழைய பீங்கான் கோப்பை, ஊறுகாய் ஜாடி, எவர்சில்வர் டப்பா இவற்றில் சதைப்பற்றுச் செடி வளர்ப்பது பற்றிய கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும். துளையெல்லாம் போட்டு, நீர் சொட்டுவது நின்ற பிறகும் மண்கலவையின் அடியில் ஓர் அடுக்கு சொதசொதவென்றே இருக்கும். ‘பெர்ச்டு வாட்டர்’ என்கிறார்கள். ‘தொங்குநீர்’ சரிவருமா?

---

> ‘தொங்குநீர்’ சரிவருமா?

எதில் தொங்குகிறது என்று கேட்பார்கள். ‘தேங்குநீர்’ எளிது. அடியில் கூழாங்கல் பரப்பினால் தேங்காது என்றும் ஒரு வரி சேர்க்கலாம்.

---

> அடியில் கூழாங்கல் பரப்பினால் தேங்காது

அந்த வரி வேண்டவே வேண்டாம். மண்கலவையின் நுண்ணிய இடைவெளிகள் நீரை இறுகப் பிடித்திருக்கும். கல்லுக்கு இடையிலுள்ள பெரிய இடைவெளிக்கு எளிதில் விடாது. ஆகவே ஈர அடுக்கு கல்லின் மேல் ஏறி உட்காரும், வேருக்கு இன்னும் பக்கத்தில்.

இந்த அடுக்கின் உயரம் பெரும்பாலும் துகளின் பருமனைப் பொறுத்தது, பாத்திரத்தின் உயரத்தை அல்ல. ஒரு கலவையில் 3 செ.மீ. நிற்கிறது என்று வையுங்கள். 15 செ.மீ. ஜாடியில் அது ஐந்தில் ஒரு பங்கு, 6 செ.மீ. கோப்பையில் சரிபாதி. கோப்பைச் செடி அழுகுவது இதனால்தான், துளை இருந்தும். நனைத்த ஸ்பாஞ்சைப் படுக்கையாகப் பிடித்து, சொட்டு நின்றதும் நிமிர்த்திப் பாருங்கள், மறுபடி சொட்டும்.

தேங்கிய நீர் சாய்த்தால் கொட்டும், இது கொட்டாது. ‘தங்குநீர்’ என்பேன். ‘தங்குநீர் உயரம்’ என்று அளவையும் சொல்லிவிடலாம்.

---

‘தங்குநீர்’ நன்று, எடுத்துக்கொள்கிறேன். கையேட்டுப் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

“தங்குநீர் உயரத்தைக் குறைக்க, 2 மி.மீ. சல்லடையில் சலித்துத் தூளை நீக்குங்கள். 3 முதல் 6 மி.மீ. வரையுள்ள செங்கல் துண்டு 3 பங்கு, பருமணல் 1 பங்கு, கழுவிய தென்னைநார்க் கழிவு 1 பங்கு. பீங்கானுக்கு 8 மி.மீ. டைமண்ட் பிட், ட்ரில்லில் ஹேமர் முறையை அணைத்துவிட்டு, மெதுவான வேகத்தில், நீர் விட்டுக்கொண்டே துளையிடுங்கள். பிட்டைச் சற்றுச் சாய்த்துத் தொடங்கினால் மெருகில் வழுக்காது. கடைசியில் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் மறுபக்கம் சில்லு தெறிக்கும். பிறகு துளை வழியே ஒரு வடிதிரி (தங்குநீரைக் கீழே இழுத்து வடிக்கும் திரி).”

எவர்சில்வருக்கு ஆணியால் புள்ளி குத்திக்கொண்டு 6 மி.மீ. பிட் போதும், பிசிறை அரத்தால் தேய்த்துவிட வேண்டும்.

---

‘வடிதிரி’ அருமை. ஆனால் திரி என்றதும் விளக்குத்திரியை எடுப்பார்கள். பருத்தி மண்ணுக்குள் மட்கிவிடும். ‘பாலியெஸ்டர் கயிறு’ என்றே எழுதுங்கள். கலவைக்குள் பாதி உயரம் வரை போய், துளைக்குக் கீழே 4 செ.மீ. தொங்கட்டும். கோப்பையைத் தட்டில் வைத்து நுனி மடங்கிக் கிடந்தால் பயனில்லை. நீர் ஊற்றும்போது கோப்பையை உயர்த்தி வைத்து, சொட்டு நின்ற பின் தட்டுக்கு மாற்றலாம்.