படுவான்கரைக்குப் பாப் போதுமா, வீட்டில் எடுக்கும் எச்.பி.வி. மாதிரி வேண்டுமா?

புள்ளிவிபரம் (தொடக்கப் பதிவு)

பொதுச் சுகாதாரத்தில் மேற்படிப்புச் செய்கிறேன். ஆய்வுக்குத் தலைப்பு யோசிக்கிறேன். பெண்களுக்கான வெல் வுமன் கிளினிக் 1996 முதல் இலங்கையில் நடக்கிறது. 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களைப் பாப் பரிசோதனைக்கு, அதாவது கருப்பைக் கழுத்தில் எடுத்த கலங்களைக் கண்ணாடித் தட்டில் தடவிப் பார்க்கும் சோதனைக்கு அழைக்கிறார்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கம் அழைத்தாலும் வருகிறவர்கள் குறைவு என்று எனக்குத் தெரிந்த மருத்துவமாதுக்கள் சொல்கிறார்கள். என் திட்டம் இதுதான்: கிளினிக்குக்கு வராத பெண்ணின் கையில் ஒரு சின்ன பிரஷ்ஷைக் கொடுப்போம். அவரே வீட்டில் மறைவாக மாதிரி எடுத்துத் தரட்டும். அதில் எச்.பி.வி. (ஹியூமன் பப்பிலோமா) வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்போம்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு இந்த வைரஸ்தான் காரணம் என்று கண்டுபிடித்த ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசே கிடைத்தது. பத்துக்கு ஏழு நோயாளிகளில் 16, 18 என்ற இரண்டு வகைகள்தான் வேலையைக் காட்டுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைரஸ் சோதனையையே முதல் சோதனையாகச் சிபாரிசு செய்துவிட்டது. பெண்ணே எடுத்த மாதிரியும் சரி என்கிறது. நாம் மட்டும் ஏன் இன்னும் கண்ணாடித் தட்டோடு நிற்கிறோம்? எதிர்ப்பு இருந்தால் எழுதுங்கள். "நல்ல முயற்சி" என்று போட்டுவிட்டுப் போகவேண்டாம்.

ஸ்லைட்காரன்

தட்டோடு நிற்கும் ஆள் நான்தான் தம்பி. ஆய்வுகூடத்தில் பாப் பார்ப்பதுதான் என் வேலை. பாப் காட்டுவது கலங்களில் நடந்த மாற்றத்தை. உங்கள் சோதனை காட்டுவது வைரஸ் இருக்கிறது என்பதை மட்டும். வந்த வைரஸில் பெரும்பகுதியை உடம்பே இரண்டு வருடத்துக்குள் துரத்திவிடும்.

2007இல் வெளிவந்த கனடா ஆய்வை எல்லோரும் தூக்கிப் பிடிப்பார்கள். 10,154 பெண்கள். ஆபத்தான மாற்றம் உள்ளவர்களில் எச்.பி.வி. சோதனை 94.6 சதவீதத்தைப் பிடித்தது, பாப் 55.4 சதவீதத்தை. சரி. மற்றப் பக்கத்தையும் பாருங்கள்: மாற்றம் இல்லாதவரை இல்லை என்று சரியாகச் சொன்னது பாப்பில் 96.8, எச்.பி.வி.யில் 94.1. சுகமாக இருக்கும் ஆயிரம் பெண்களில் பாப் 32 பேரை வீணாகப் பயமுறுத்தும், உங்கள் சோதனை 59 பேரை. கூடுதலான அந்த 27 பேரையும் கொல்போஸ்கோப்பிக்கு, அதாவது கருப்பைக் கழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனைக்கு, யார் கூட்டிப் போவது?

புள்ளிவிபரம்

அண்ணன், அந்த 27 பேர் ஒரு தடவை அலைவார்கள், ஒப்புக்கொள்கிறேன். பாப் தவறவிடும் பெண்களுக்கு என்ன பதில்? மூன்று வருடத்துக்கு ஒரு தடவை பாப் செய்யும் நாட்டில், முதல் தடவை விட்டதை அடுத்த தடவை பிடிக்கலாம். இங்கே 35இல் ஒன்று, 45இல் ஒன்று, அதுவும் வந்தால். வாழ்நாளில் இரண்டு தடவை மட்டும் பார்க்கிற சோதனை கூர்மையாக இருக்க வேண்டாமா?

மகாராஷ்டிரத்து உஸ்மானாபாத்தில் 1,31,746 கிராமத்துப் பெண்களை வைத்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு எச்.பி.வி. சோதனை, எட்டு வருடத்தில் இந்தப் புற்றுநோயால் வரும் இறப்பைப் பாதியாக்கியது. பாப்பும், வினாகிரி தடவிக் கண்ணால் பார்க்கும் முறையும் அங்கே அப்படிக் குறைக்கவில்லை.

மண்டூர்த்துறை

உஸ்மானாபாத்தில் நாலாவது குழு ஒன்று இருந்ததே, அதை ஏன் விழுங்கினீர்கள்? 31,488 பெண்கள். சோதனை எங்கே கிடைக்கும் என்று சொல்லிவிட்டுச் சும்மா விட்டார்கள். எச்.பி.வி. குழுவில் 34 பேர் இந்த நோயால் இறந்தார்கள், சும்மா விட்ட குழுவில் 64 பேர். வித்தியாசம் காட்டுவதற்கு யாரோ சாக வேண்டியிருந்தது. பணக்கார நாட்டில் இப்படி ஒரு குழுவை வைக்க விடுவார்களா?

இடம்பெயர்ந்த காலம் தொட்டு எங்கள் பக்கம் வந்து படிவம் நிரப்பிக்கொண்டு போனவர்கள் ஏராளம். முடிவு என்ன என்று திரும்பி வந்து சொன்னவரை நான் காணவில்லை. உங்களுக்குப் பட்டம் கிடைக்கும். பிரஷ் கொடுத்த அக்காவுக்கு என்ன கிடைக்கும்?

புள்ளிவிபரம்

உஸ்மானாபாத்தின் அறம் பற்றி மருத்துவ உலகத்திலேயே சண்டை நடந்தது. நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. என் ஆய்வில் சும்மா விடும் குழு கிடையாது. பிரஷ் வேண்டாம் என்பவருக்குப் பாப் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்களால் தெரிந்த உண்மையைப் பயன்படுத்தாமல் விட்டால் அது அவர்களுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

வாவிமகள்

ஓய்வுபெற்ற மருத்துவமாது நான். எல்லோரும் "வெட்கம்" என்று சொல்லிக் கதையை முடிக்கிறீர்கள். வெட்கம் உண்டுதான். ஆனால் மூன்று பிள்ளை பெற்றவளுக்கு டொக்டரிடம் என்ன பெரிய வெட்கம்? கிளினிக்கில் நிற்கும் மிஸ் பக்கத்து வளவில் இருக்கிறவள். நாளைக்குக் கோயில் சடங்கில் எதிரே வருவாள். அதுதான் பிரச்சினை. கிளினிக் வைப்பதும் வேலைநாள் காலையில். வயலில் கூலிக்கு நிற்கிறவள் அரைநாள் சம்பளத்தை விட்டு, வாவியைக் கடக்கும் குருமண்வெளிப் பாதைப் படகேறி வரவேண்டும். வந்து கொடுத்துவிட்டுப் போனால் ரிப்போர்ட் மாதக்கணக்கில் வராது. ஒரு இடத்தில் தட்டுக்கள் தொலைந்தே போயின, திரும்ப வா என்றால் யார் வருவார்கள்?

பிரஷ் இதில் பாதியைத் தீர்க்கும். புது வில்லங்கம் ஒன்றையும் கொண்டுவரும். உடலுறவால் பரவும் வைரஸ் என்று சொன்னால் வீட்டில் முதலில் கேட்பது "யாரிடமிருந்து?" என்றுதான். பாப்பில் "கலத்தில் மாற்றம்" என்று வந்தால் இந்தக் கேள்வி வராது.

ஸ்லைட்காரன்

அக்கா சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். எப்போதோ தொற்றி, வருடக்கணக்கில் அடங்கிக் கிடந்த வைரஸாகவும் இருக்கலாம். இதைப் படிவத்தில் எழுதினால் புருஷன் படிப்பானா?

கடலோரம்77

இத்தனை கதை எதற்கு? 2017 முதல் ஆறாம் ஆண்டுப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்களே. அதுவும் பிள்ளை பெறாமல் செய்யும் ஊசி என்றல்லவா பேசுகிறார்கள்.

புள்ளிவிபரம்

பேசுகிறவர்கள் ஆதாரம் தரட்டும். அமெரிக்காவில் ஏறக்குறைய இரண்டு லட்சம் இளம்பெண்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். சூலகம் நேரத்துக்கு முன்னே செயலிழப்பதற்கும் இந்த ஊசிக்கும் தொடர்பு தெரியவில்லை. சுவீடனில் 17 வயதுக்கு முன் ஊசி போட்டவர்களில் இந்தப் புற்றுநோய் 88 சதவீதம் குறைவு.

ஆனால் 2017இல் 11 வயதாக இருந்த பிள்ளைக்கு 35 ஆவது 2041இல். அந்தப் பிள்ளைகளின் தாய்மாருக்கு ஊசி இல்லை. நான் பேசுவது தாய்மாரைப் பற்றி.

அக்கரைப்பற்று உம்மா

மகன், கேட்கலாமோ தெரியாது. என் மகளுக்கு 33 வயது. கல்யாணம் பிந்தித்தான் நடந்தது, இன்னும் பிள்ளை இல்லை. பாப்பில் பிழை என்று வந்து, இப்போது கருப்பைக் கழுத்தில் கொஞ்சம் வெட்டி எடுக்க வேண்டும் என்கிறார்கள். இனிப் பிள்ளையே தங்காது என்று சொந்தக்காரர் சொல்லி அவள் சாப்பிடாமல் கிடக்கிறாள்.

கல்லடிப்பாலம்

உம்மா, நான் மகப்பேற்று விடுதியில் வேலை செய்யும் டொக்டர். உங்கள் மகளின் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் அவருக்கென்று எதுவும் சொல்லமாட்டேன், பொதுவாக மட்டும் சொல்கிறேன். இந்தச் சிகிச்சையால் கர்ப்பம் தரிக்கும் வாய்ப்புக் குறைவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. கவனிக்க வேண்டியது வேறு: குறைமாதப் பிரசவம். பல ஆய்வுகளைச் சேர்த்து 2016இல் பார்த்தபோது, சிகிச்சை பெற்றவர்களில் 10.7 சதவீதத்துக்கும் பெறாதவர்களில் 5.4 சதவீதத்துக்கும் மாதம் நிறையுமுன் பிரசவம் நடந்திருந்தது. நாலு, ஐந்து மாதத்தில் கரு கலைவதும் கொஞ்சம் கூடுகிறது. எவ்வளவு ஆழமாக வெட்டுகிறார்களோ அவ்வளவுக்கு ஆபத்துக் கூடும். ஆகவே எத்தனை மில்லிமீற்றர் எடுப்பார்கள், எரித்து அல்லது குளிரவைத்து அழிக்கும் முறை அவருக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். பிறகு கர்ப்பமானால் முதல் கிளினிக்கிலேயே இதைச் சொல்லச் சொல்லுங்கள். பயந்து சிகிச்சையை விடுவதுதான் மோசம். அது முற்றிப் புற்றுநோயானால் கருப்பையையே எடுக்க வேண்டி வரலாம்.

முதலில் சாப்பிடச் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்று உம்மா

அல்லாஹ் உங்களுக்கு நல்லருள் செய்வான் மகள்... மகனோ, தெரியாது.

ஸ்லைட்காரன்

இப்போது என் 27 பேருக்கு வருகிறேன். தேவையில்லாமல் கூப்பிட்டால் சிலருக்குத் தேவையில்லாமல் வெட்டும் நடக்கும். குறைமாதப் பிரசவத்தின் கணக்கு அங்கேதான் விழும்.

புள்ளிவிபரம்

வைரஸ் இருந்த எல்லோரையும் வெட்டச் சொல்லவில்லையே. 16, 18 வகை என்றால் நேரே கொல்போஸ்கோப்பி. மற்ற வகை என்றால் முதலில் ஒரு பாப். அந்தத் தட்டு உங்கள் மேசைக்குத்தான் வரும். 35 வயதுக்கு மேல் என்று வைத்ததற்கும் காரணம் இதுதான், அநேகருக்குப் பிள்ளைப்பேறு முடிந்திருக்கும். சளியில் காசநோய் பார்க்கும் ஜீன்எக்ஸ்பேர்ட் வகைக் கருவியிலேயே எச்.பி.வி.யும் ஒரு மணித்தியாலத்தில் பார்க்கலாம்.

ஸ்லைட்காரன்

கருவி இருக்கும். ஒவ்வொரு சோதனைக்கும் அதில் போடும் கார்ட்ரிட்ஜின் விலை தெரியுமா? ஆய்வு முடிந்த பிறகு அதை யார் வாங்குவது?

மண்டூர்த்துறை

இதே எச்.பி.வி. சோதனையைக் களுத்துறையில் முன்னோடியாகச் செய்து பார்த்தார்கள். அது அரசாங்கத்தின் வேலையாக நடந்தது. இங்கே ஒரு மாணவரின் ஆய்வாக நடந்தால், ஆய்வு முடிகிற அன்றைக்கே பிரஷ்ஷும் முடிந்துவிடும். ஸ்லைட்காரன் கேட்டதும் அதுதான். பதில் சொல்லுங்கள்.

புள்ளிவிபரம்

பணத்துக்கு என்னிடம் உத்தரவாதம் இல்லை. ஆனால் எத்தனை பேர் பிரஷ்ஷைத் திருப்பித் தந்தார்கள், எத்தனை பேர் கொல்போஸ்கோப்பி வரை போனார்கள் என்ற எண்ணிக்கை இல்லாமல் கொழும்பில் போய் எதைக் கேட்பது?

மண்டூர்த்துறை

அந்த இரண்டாவது எண்ணிக்கையைத் தலைப்பாக்குங்கள். "எத்தனை பேருக்கு வைரஸ்" என்று எழுதினால் நான் எதிர்ப்பேன். "வைரஸ் இருந்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சை முடித்து வீடு வந்தார்கள்" என்று எழுதினால் எங்கள் மாதர் சங்கத்தில் பேசிப் பார்க்கிறேன். வாக்குறுதி இல்லை.

வாவிமகள்

தம்பி, இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அறுவடை முடியக் கொடுங்கள். குப்பியில் பெயர் வேண்டாம், இலக்கம் போடுங்கள். முடிவைப் போனில் அனுப்ப வேண்டாம், பாதி வீடுகளில் அந்தப் போன் புருஷன் கையில்தான் இருக்கும். சொல்வதற்கு வெளியூர் மிஸ் ஒருவரைப் போடுங்கள்.

ஸ்லைட்காரன்

வெளியூர் மிஸ்ஸுக்குப் பயணப்படியும் கணக்கில் சேர்க்கட்டும். நான் இன்னும் பாப் பக்கம்தான்.