தீவில் நாலு நாள்: ஸ்கூபா, ஸ்நார்க்கலிங், படகு, எது முதலில்?

அலைவரிசை: வெப்பமண்டலத் தீவு ஒன்றுக்கு ஐந்து பேர் போகிறோம், நாலு நாள். இரண்டு பேருக்கு நீச்சல் தெரியாது. கண்ணாடி அடித்தளப் படகு, ஸ்நார்க்கலிங் (முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி மேற்பரப்பில் மிதந்து பார்ப்பது), ஒரே ஒரு ஸ்கூபா முழுக்கு (காற்று உருளையோடு ஆழத்துக்குப் போவது), இவ்வளவுதான் பட்டியல். எதை எந்த நாளில் வைப்பது? ஸ்கூபாவைக் கடைசி நாளுக்கு மிச்சம் வைக்கலாம் என்று நினைக்கிறேன். மீசை இருந்தால் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகும் என்கிறார்களே, நிஜமா?

கரைவலை: கடைசி நாள் மட்டும் வேண்டாம். ஆழத்தில் அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடம்பில் கரைந்து நிற்கும். அது வெளியேறுமுன் விமானம் ஏறினால் அங்கே காற்றழுத்தம் குறைவு, குமிழியாகி மூட்டுவலியில் தொடங்கி நரம்புவரை போகும். ஒரே முழுக்கு என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல முழுக்கு என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒரு முழு நாள் விட்டுவிடுங்க, கணக்குப் போடும் வேலையே இல்லை. மூக்கடைப்போ சளியோ இருந்தால் அன்றைக்கு முழுகவே கூடாது, காது அழுத்தம் சமன் ஆகாது.

படகை முதல் நாள் வைங்க. நீச்சல் தெரியாதவர்களுக்குக் கடல் பழகும். குமட்டல் வரும் ஆட்கள் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போடணும், வாந்தி தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை.

ஸ்நார்க்கலிங்குக்குக் காலைதான். வெயில் ஏற ஏறக் கடற்காற்று வலுத்து, மணல் கிளம்பி, தண்ணீர் கலங்கிடும். ஏற்ற வற்ற அட்டவணையும் பாருங்க. ஏற்றம் நிறைந்து நிற்கும் நேரம் நல்லது. வற்றத்தில் பவளத்திட்டின் மேல் முழங்கால் அளவுதான் தண்ணீர் நிற்கும், வயிறு உரசும். பவளக்கீறல் லேசில் ஆறாது.

நீலத்திமிங்கலம்: மீசை விஷயம் நிஜம்தான், ஆனால் மழிக்க வேண்டியதில்லை. முதலில் கண்ணாடி பொருந்துகிறதா என்று பாருங்க. பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உள்ளிழுங்க. கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்களுடையது. மூக்குக்குக் கீழே மட்டும் கசிந்தால் மீசையில் சிலிகான் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்க. வாசலின் வேண்டாம், ரப்பர் பாகங்களைக் கெடுக்கும். பட்டையை இறுக்கினால் கசிவு நிற்கும் என்பது தப்பான நம்பிக்கை: விளிம்பு மடங்கி இன்னும் கசியும். தலைமுடி ஒரு இழை விளிம்புக்கடியில் சிக்கினாலும் போதும், புகுந்துவிடும்.

புகுந்தால் எழுந்து நிற்காதீங்க. கண்ணாடியின் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, தலையைச் சற்றே தூக்கி, மூக்கால் ஊதுங்க. தண்ணீர் கீழ்வழியாக வெளியேறும்.

அலைவரிசை: நன்றி, ஸ்கூபாவை இரண்டாம் நாளுக்கு மாற்றிவிட்டேன். புதுக்கண்ணாடி பனிபோல் மூடிக்கொள்கிறதாமே? நீச்சல் தெரியாத இருவரையும் ஸ்நார்க்கலிங் கூட்டிப் போகலாமா?

நீலத்திமிங்கலம்: தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம்தான் காரணம். சாதாரண வெள்ளைப் பற்பசையை உள்பக்கம் விரலால் இரண்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவுங்க. பிளாஸ்டிக் வில்லையில் இதைச் செய்யக் கூடாது, கீறிடும். பிறகு ஒவ்வொரு தடவையும் குழந்தை ஷாம்பு ஒரு சொட்டு தடவி லேசாக அலசினால் போதும். எச்சிலும் அதே வேலை செய்யும்.

துடுப்பு: போகலாம், ஆனால் ஆழத்தில் தொடங்காதீங்க. இடுப்பளவு தண்ணீரில் முகத்தைக் கவிழ்த்துக் குழாய்வழி நிதானமாக மூச்சுவிட்டு ஒரு பத்து நிமிஷம். பதற்றம் போன பிறகுதான் அடுத்த கட்டம். லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்க. காதுவரை ஏறினால் அது பெரிய அளவு, மாற்றிக் கேளுங்க. ஊதிக்கொள்ளும் ஸ்நார்க்கல் வெஸ்ட் அதற்கு ஈடாகாது.

எல்லாருக்கும் ஒன்று. பவளத்திட்டில் அலை உடையாமல், கருநீலமாக, பார்க்கச் சாதுவாக ஒரு இடைவெளி தெரிந்தால் அங்கே இறங்காதீங்க. திட்டைத் தாண்டி உள்ளே வந்த தண்ணீரெல்லாம் அதன் வழியாகத்தான் வெளியே ஓடும், வற்றத்தில் வேகம் இன்னும் கூடும். இழுத்தால் எதிர்த்து நீந்தாமல் மிதந்து, பக்கவாட்டில் விலகுங்க.

முதுகும் கெண்டைக்காலும்தான் வெந்துபோகும், முழுக்கை நீச்சல் சட்டை போடுங்க. அழகான கூம்புச் சங்கு கிடந்தால் தொடாதீங்க, உள்ளே உயிர் இருந்தால் அதன் விஷமுள் ஆளையே கொல்லும்.