நீர்ச்சிறகுப் படகின் வேகத்திற்கு எல்லை வகுப்பது எது?

கேள்வி – பௌதிகவியல் ஆசிரியர், முல்லைத்தீவு

வணக்கம். உயர்தர வகுப்பில் உயர்த்துவிசையைக் கற்பிக்கும்போது, அடியில் பூட்டிய சிறகுகளால் உடலை நீருக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓடும் ஹைட்ரோஃபோயில் படகை எடுத்துக்காட்டினேன். கிரகாம் பெல்லும் கேசி போல்ட்வினும் உருவாக்கிய எச்.டி.-4, 1919இல் கனடாவின் பிராடோர் ஏரியில் மணிக்கு 114 கிலோமீற்றர் வேகத்தில் ஓடியது. அரை நூற்றாண்டு கழித்து, அவ்வேரியின் பெயரைச் சூடிய கனடியக் கடற்படையின் பரிசோதனைக் கப்பல் 1969இல் தொட்டதோ ஏறத்தாழ 117 கிலோமீற்றர்தான். “இயந்திரங்கள் இவ்வளவு வலுப்பெற்ற பிறகும் வேகம் ஏன் ஏறவில்லை?” என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்குச் சரியான விடை கொடுக்க விரும்புகிறேன்.

பதில் – கப்பல் பொறியியல் படித்தவர், கிளிநொச்சி

ஆசிரியருக்கு வணக்கம். எச்.டி.-4 ஏறத்தாழ 5 தொன் எடையுடன் ஏரியில் ஓடியது. கடற்படைக் கப்பலோ 200 தொன் அளவிலான எடையை அலையடிக்கும் கடலில் தூக்க வேண்டியிருந்தது. அதைவிட முக்கியமான தடை நீரிலேயே இருக்கிறது. சிறகின் மேற்பரப்பில் அழுத்தம் குறைவதால்தான் உயர்த்துவிசை பெரிதும் கிடைக்கிறது. மணிக்கு 80, 90 கிலோமீற்றரை நெருங்கும்போது அவ்வழுத்தம் நீரின் ஆவியழுத்தத்திற்கும் கீழே இறங்கிவிடுவதால், குளிர்ந்த நீர் நின்ற இடத்திலேயே கொதித்துக் குமிழிகளாகிறது. அவை அழுத்தம் கூடிய இடத்தை அடைந்ததும் நொறுங்கி உலோகத்தில் குழிபறிக்கின்றன; சிறகு அதிர்கிறது, தூக்கும் விசையும் தடுமாறுகிறது.

பதில் – படகு இயந்திரம் திருத்துபவர், அளம்பில்

அந்த அரிப்பை எங்கள் கடற்கரையிலேயே மாணவர்களுக்குக் காட்டலாம். பைபர் படகின் பழைய புரொப்பலரைக் கழற்றி, உப்பைத் தேய்த்துக் கழுவி வெயிலில் சாய்த்துப் பிடித்தால், முன்விளிம்புக்குச் சற்றுப் பின்னால் கறையான் அரித்த பலகைபோலச் சிறு குழிகள் தெரியும். மணல் உரசிய இடம் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கும். குமிழி நொறுங்கிய இடம் விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்படும். விளிம்பு நெளிந்திருந்தால் இது விரைவாக வந்துவிடுகிறது. அப்படியொரு புரொப்பலர் பட்டறையில் கிடக்கிறது, வகுப்புக்குத் தருகிறேன்.

பதில் – கப்பல் பொறியியல் படித்தவர், கிளிநொச்சி

மிகப் பொருத்தமான சான்று, ஐயா. அமெரிக்கக் கடற்படைக்காகப் போயிங் கட்டிய ஃபிரெஷ்-1 என்னும் சோதனைப் படகு இத்தடையை ஆராயவே உருவானது. சோதிக்கும் சிறகைச் சுற்றியுள்ள நீர் கலங்காதிருக்க, அதற்கு மேலே விமான ஜெட் இயந்திரத்தைப் பொருத்தினார்கள். 1963இல் அது மணிக்கு 150 கிலோமீற்றரைத் தாண்டியது. அதே ஆண்டு சோதனையொன்றில் கவிழ்ந்தது. கூரிய முன்விளிம்பும் தடித்த பின்விளிம்பும் கொண்ட சிறகு, குமிழிகளைத் தடுக்காமல் ஒரே ஆவிப்பையாக வளரவிட்டுத் தன் பின்னால் மூடச் செய்கிறது. உலோகம் தப்புகிறது; ஆனால் இழுவை கூடி எரிபொருள் பெருமளவில் செலவாகிறது. அமெரிக்கா பின்னர் சேவையில் சேர்த்த 6 பெகாசஸ் படகுகள் மணிக்கு 90 கிலோமீற்றர் அளவிலேயே ஓடின.

ஆசிரியர்

இருவருக்கும் நன்றி. சனிக்கிழமை அளம்பிலுக்கு வருகிறேன். புரொப்பலரை முதலில் அம்மாணவியின் கையில்தான் கொடுப்பேன்.