அட்டூ தீவு மக்கள் ஏன் ஊர் திரும்பவில்லை?

கேள்வி:
அலாஸ்காவின் மேற்கு நுனியில் உள்ள அட்டூ தீவைப் பற்றி எங்கு படித்தாலும், 1943 மே 11 அன்று அமெரிக்கப் படை இறங்கியதில் தொடங்கி, மே 29 அன்று தீவைப் பிடித்திருந்த ஜப்பானியப் படையின் தளபதி கர்னல் யமசாகி எஞ்சிய வீரர்களோடு பாய்ந்து மடிந்ததோடு வரலாறு முடிந்துவிடுகிறது. அங்கு வாழ்ந்த உனாங்கன் பழங்குடியினர் போருக்குப் பிறகு அத்தீவில் குடியேறவே இல்லை என்று ஒரு வரி மட்டும் கண்ணில் பட்டது. அமெரிக்கா மீட்ட தீவுக்கு அதன் மக்கள் ஏன் போகவில்லை? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
அவர்கள் போக விரும்பினார்கள் ஐயா. அமெரிக்க அரசுதான் அனுப்பவில்லை. சிச்சகோஃப் துறைமுகத்தருகே இருந்த அந்த ஒரே ஊரில் நாற்பது பேருக்குச் சற்று அதிகமானோர் நரி பிடித்தும் மீன் பிடித்தும் வாழ்ந்தனர். அவ்வூர்ப் பெண்கள் துணிபோல் மெல்லியதாகப் பின்னிய புல் கூடைகள் பெயர் பெற்றவை. 1942 ஜூன் 7 அன்று ஜப்பானியர் இறங்கினர். வானொலிக் கருவியை இயக்கி வந்த சார்லஸ் ஜோன்ஸ் இறந்தார். ஆசிரியையான அவர் மனைவி எட்டா தனியே யோகஹாமாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஊர் மக்கள் அனைவரும் செப்டம்பரில் ஹொக்கைடோவின் ஒதாரு நகருக்குக் கப்பலேற்றப்பட்டு, அங்கே களிமண் வெட்டும் வேலையில் அமர்த்தப்பட்டனர். காசநோயாலும் பட்டினியாலும் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டனர். ஊர்த்தலைவர் மைக் ஹோடிகாஃபும் அவர்களில் ஒருவர். 1945இல் விடுதலையானவர்களிடம், ஊரை மறுபடி எழுப்ப அவர்கள் எண்ணிக்கை போதாது, செலவும் அதிகம் என்று சொல்லி, அரசு அவர்களை அட்கா தீவில் குடியமர்த்தியது. அட்காவின் பேச்சு வேறு என்பதால், அட்டூவின் கிளைமொழி நாளடைவில் பேசுவாரின்றி அழிந்தது.

மறுமொழி 2:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அவர்களை ஏற்ற அட்காவே அப்போது எரிந்துபோன ஊர்தான். ஜப்பானியருக்குப் பயன்படக்கூடாதென்று 1942 ஜூனில் அமெரிக்கக் கடற்படையே அதைக் கொளுத்தியது. அந்தக் கோடையில் ஒன்பது ஊர்களிலிருந்து 881 உனாங்கன் மக்கள் தென்கிழக்கு அலாஸ்காவுக்கு அகற்றப்பட்டு, ஃபன்டர் விரிகுடா போன்ற இடங்களில், கைவிடப்பட்ட மீன் பதனிடும் ஆலைகளிலும் சுரங்கக் குடில்களிலும் நல்ல தண்ணீரும் மருத்துவமும் இல்லாமல் வைக்கப்பட்டனர். பத்தில் ஒருவர் இறந்தார். இவர்கள் அமெரிக்கக் குடிமக்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. பாதுகாப்புக்காக அகற்றினோம் என்ற அரசு, 1943 கோடையில் அகற்றப்பட்டோரில் பிரிபிலாஃப் தீவுகளின் ஆண்களை மட்டும் கடல்நாய் வேட்டைக்காகத் திரும்பக் கொண்டுபோனது. அந்தத் தோலின் வருமானம் அரசுக்குரியது. ஆபத்து நீங்கியதென்றால் குடும்பங்களை ஏன் முகாமில் விட்டார்கள் என்பதற்கு எனக்கு இதைவிட வேறு காரணம் தெரியவில்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி. இதற்கெல்லாம் இழப்பீடு ஏதும் கிடைத்ததா?

மறுமொழி 3:
அமெரிக்க முகாம்களில் வைக்கப்பட்ட உனாங்கன் மக்களில் 1988இல் உயிரோடிருந்தவர்களுக்கு, அவ்வாண்டுச் சட்டத்தின்படி தலைக்கு 12,000 டாலர் கிடைத்தது. அதே சட்டம் முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களுக்கு 20,000 டாலர் அளித்தது. அட்டூவின் நிலமோ திருப்பித் தரப்படவில்லை. அதற்கு ஈடாக அலியூட் (உனாங்கன் மக்களின் மற்றொரு பெயர்) மக்களின் நிறுவனத்துக்குப் பணம் ஒதுக்கப்பட்டது. தீவில் கடைசிவரை தங்கியிருந்த கடலோரக் காவல்படையினரும் 2010இல் நிலையத்தை மூடிவிட்டுப் போனார்கள். 2017இல் அட்டூ மக்களின் வழித்தோன்றல்கள் சிலர் கப்பலில் போய், தங்கள் முன்னோர் ஊர் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தனர்.