“அப்ப என்னாலதானா தம்பி?” – இழைமணி நோயை நேரில் கண்டவர்கள்

டச்பே மான்:
ஏ.எல் பயோவில் கீறினோமே, கலத்துக்குச் சக்தி கொடுக்கிறது, அதே இழைமணிதான் (மைற்றோகொண்டிரியா). பதினொரு வருடமாக வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றில் அதைத்தான் பார்க்கிறேன். நோயாளியின் தோலில் எடுத்த கலங்களுக்குக் குளுக்கோசை நிறுத்திவிட்டுக் கலக்ரோசு என்ற வேறொரு சீனி கொடுப்போம். குளுக்கோசு இருக்கும்வரை இழைமணி பழுதான கலமும் எப்படியோ சமாளிக்கும். கலக்ரோசில் சமாளிப்பு நடக்காது, இரண்டொரு நாளில் சாகத் தொடங்கிவிடும். எத்தனையோ தட்டு பார்த்தாயிற்று, எனக்கு ஒன்றும் செய்ததில்லை.

போன ஆடியில் ஊருக்கு வந்தபோது அம்மாவோடு திருகோணமலை டச்பே கடற்கரையில் இருந்தேன். அம்மாவின் சிநேகிதியும் கூட. அவருடைய மகனுக்கு 22 வயது. ஒரு கண்ணில் நடுப்பகுதி மங்கி, இரண்டு மாதத்தில் மற்றதும் போய்விட்டது. வலி இல்லை. இரத்தம் பரிசோதித்த கடதாசியைப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தார். வாங்கிப் பார்த்தால் 11778, இழைமணியின் மரபணுச் சரத்தில் எந்த இடத்து எழுத்து பிசகியது என்கிற இலக்கம். எனக்கு உற்சாகம்! லேபரின் பார்வை நரம்பு நோய், 1988இல் டக்ளஸ் வாலஸ் குழு கண்டுபிடித்த மாற்றம், அந்தச் சரத்தின் 16,569 எழுத்தில் ஒரே எழுத்து பிசகியது என்று கச்சான் கொறித்தபடி அடுக்கிக்கொண்டே போனேன். “இது தாய்வழியாக மட்டுந்தான் வரும் அன்ரி.”

அவர் கடதாசியை மடித்தார். மடிப்பின் மேலேயே நகத்தால் இழுத்து இழுத்து விட்டார். “அப்ப என்னாலதானா தம்பி?”

அந்த நேரம் பார்த்து ஒரு மான் வந்து கச்சான் பையில் வாய் வைத்தது. அம்மா எழும்பி அதைத் துரத்தினார். நான் பதிலே சொல்லவில்லை.

உப்புவெளி மிஸ்:
ரியூசன் வகுப்பில் ஒரு பெடியன் கேட்டான், “மிஸ், விந்திலும் இழைமணி இருக்குத்தானே, அப்பாவின்ர எங்க போகும்?” முட்டைக்குள் போனதும் அதற்கு அடையாளம் போட்டு முட்டை அழித்துவிடும் என்றேன். வகுப்பே சிரித்தது, அவன் சிரிக்கவில்லை. கடலுக்குப் போன தகப்பன் திரும்பி வரவில்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரியும். இவ்வளவுதான்.

கிண்ணியாப் பாலம்:
டச்பே அண்ணை, 11778க்கு நீங்கள் சொன்னது சரி. ஆனால் வாசிக்கிறவர்கள் எல்லா இழைமணி நோயும் தாய்வழி என்று எடுத்துவிடுவார்கள். இழைமணிக்குள் இருப்பது 37 மரபணு, அதில் புரதத்துக்கானது 13. இழைமணிக்குத் தேவையான மிச்ச மரபணுவெல்லாம் கலத்தின் கருவில் இருக்கிறது. அங்கே பழுதென்றால் வாப்பா பக்கத்துக்கும் பங்கு உண்டு.

என் உம்மாவுக்கு மெலிந்த உடம்பு, சீனி வருத்தம், காதும் மந்தம். ஒரு நாள் சீனி கிளினிக், இன்னொரு நாள் காது கிளினிக். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்த்ததில்லை. கடைசியில் ஓர் இளம் டொக்டர்தான் கேட்டார், “உங்கட உம்மாவுக்கும் காது கேளாதா?” நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மூத்தம்மாவோடு வீடே கத்தித்தான் பேசும். வயசுக் கோளாறு என்றே நினைத்திருந்தோம். பிறகு சோதித்ததில் 3243 என்று வந்தது, சீனிக்கும் காதுக்கும் சேர்த்து ஒரே இழைமணி மாற்றம்.

உவர்மலை மருந்துக்கடை:
என் கதை சின்னது: இப்படி ஒரு பிள்ளைக்கு மருந்து கொடுத்தேன், துண்டில் இருந்த நோயின் பெயர் எனக்கு விளங்கவில்லை, வெட்கமாகப் போயிற்று. அன்றிலிருந்து வாசிக்கிறேன். அதனால் சொல்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும். 11778 உள்ள குடும்பத்து ஆண்பிள்ளைகள் சிகரெட் தொடவே கூடாது, குடியும் வேண்டாம். 3243 என்றால் சீனிக்குக் கொடுக்கும் மெட்போமின் தொடர்வதா என்று டொக்டரிடம் கட்டாயம் கேளுங்கள், இரத்தத்தில் லக்ரிக் அமிலம் ஏறும் பயம் உண்டு. 1555 என்ற இழைமணி மாற்றம் உள்ளவருக்கு ஜென்டமைசின் என்ற கிருமிகொல்லி ஊசி காதையே பறிக்கலாம். வலிப்பு உள்ள பிள்ளைக்கு வல்புரோயேற் எழுதினால், போல்ஜி (POLG) மரபணுவைப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள், அந்தப் பழுது இருந்தால் ஈரல் போய்விடும். சோதனைக் கடதாசியைக் கொப்பி எடுத்து ஒவ்வொரு கிளினிக் கொப்பிக்குள்ளும் வையுங்கள். தாய்வழிச் சொந்தங்களை மூன்று தலைமுறைக்கு எழுதி, யாருக்குக் கண், யாருக்குக் காது, யாருக்குச் சீனி என்று குறியுங்கள். கியூ10 மாத்திரையை யாரோ சொன்னார்கள் என்று வாங்காதீர்கள், விற்கிற நானே சொல்கிறேன்.

கிண்ணியாப் பாலம்:
மருந்துக்கடை அண்ணை, மெட்போமினை இதை வாசித்துவிட்டு யாரும் தானாக நிறுத்தினால்?

உவர்மலை மருந்துக்கடை:
“டொக்டரிடம் கேளுங்கள்” என்றுதானே எழுதினேன். வடிவாக வாசியும்.

டச்பே மான்:
சண்டை வேண்டாம். அன்ரிக்கு நான் சொல்லாமல் விட்டது இதுதான்: அது அவர் உண்டாக்கியது இல்லை, அவருக்கும் அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது. அதே மாற்றத்தோடு அவர் கண் இன்றும் நன்றாகத் தெரிகிறது. பெண்களைவிட ஆண்களையே அது அதிகம் பிடிக்கிறது, ஏன் என்று எங்கள் ஆய்வுகூடங்களே இன்னும் அடிபட்டுக்கொண்டிருக்கின்றன.

இன்று அழைப்பெடுத்தேன். மகன்தான் எடுத்தான், குரலிலேயே ஆளைப் பிடித்துவிட்டான். அம்மா கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டாராம், ஆறரைக்கு வருவாராம். மறுபடி எடுக்கவேண்டும்.