முன்பள்ளியில கை கழுவுறது: சவுக்காரம் நுரைக்காத தண்ணிக்கு என்ன செய்யலாம்?

ஒட்டுசுட்டான்_ரீச்சர்:
வணக்கம். எங்கட முன்பள்ளியில 40 பிள்ளையள். மாரி தொடங்கி ஒரு பிள்ளைக்குத் தடிமன் வந்தாக் காணும், கிழமை முடிய முதல் அரைவாசிப் பேர் வரமாட்டினம். கை கழுவ ஒரு வாளியும் ஒரு கோப்பையும் வச்சிருக்கிறம். கிணத்துத் தண்ணி கேத்தலில வெள்ளைப் படை பிடிக்கிற தண்ணி, சவுக்காரம் லேசில நுரைக்காது. அப்பிடிக் கழுவிப் பிரயோசனம் இருக்கோ? இல்லாட்டி சனிடைசர் வாங்கி வச்சாப் போதுமோ? கொரோனா மாதிரி இன்னொண்டு வந்தா இந்தக் கை கழுவல் எந்தளவுக்குக் காப்பாத்தும்?

நுண்ணுயிர்_வவுனியா:
ரீச்சர், கடைசிக் கேள்வியில இருந்து வாறன். மற்ற ரெண்டுக்கும் விடை அதுக்குள்ள கிடக்கு.

சுவாச வைரஸ் ஒரு ஆளிட்ட இருந்து இன்னொரு ஆளுக்குப் போக மூண்டு வழி. இருமும்போது தெறிக்கிற துளி, மூச்சோட வந்து மூடின அறைக்குள்ள மிதக்கிற நுண்துளி, மூண்டாவது கை. கொரோனா பெரும்பாலும் காத்தாலதான் பரவினது. கையைக் கழுவினா அந்த வழி அடைபடாது. அதுக்கு யன்னலைத் திறக்க வேணும், இருமுற பிள்ளையை வீட்டில வச்சிருக்க வேணும், தேவைப்பட்டா முகக்கவசம் போட வேணும். நோய்க்குறி தெரிய ரெண்டு நாள் முதலே கொரோனா மற்றவைக்குத் தொத்தும். தொடக்கத்தில வந்த வகை, தடுக்க ஒண்டும் செய்யாத இடத்தில, ஒரு ஆளிட்ட இருந்து சராசரி ரெண்டு மூண்டு பேருக்குப் போனது. மூண்டு எண்டு வச்சா, ஒண்டு மூண்டாகும், மூண்டு ஒன்பதாகும், ஒன்பது இருபத்தேழாகும். இலங்கையில முதல் நோயாளி 2020 ஜனவரி 27 இல கண்டுபிடிபட்டார். மார்ச் 20 இல நாடு முழுக்க ஊரடங்கு. இடையில எட்டுக் கிழமை கூட இல்லை.

ஆனா சாதாரண தடிமன், வயித்தோட்டம் தாற ரோட்டா வைரஸ், நோரோ வைரஸ், ஹெப்பற்றைற்றிஸ் ஏ செங்கண்மாரி எல்லாத்துக்கும் கை பெரிய வழி. 2009 இல போரால இடம்பெயர்ந்த சனம் இருந்த செட்டிகுளம் முகாம்களில செங்கண்மாரி பரவினது எங்கட பக்கத்தில கனபேருக்கு ஞாபகமிருக்கும். முன்பள்ளி வயசில கை ஓயாமல் மூக்குக்கும் வாய்க்கும் போகும். வளந்த ஆக்களும் குறைச்சல் இல்லை: அவுஸ்திரேலியாவில மருத்துவ மாணவரை எண்ணிப் பாத்த 2015 ஆம் ஆண்டு ஆய்வில, ஒரு மணித்தியாலத்தில சராசரி 23 தரம் முகத்தைத் தொட்டிருக்கினம்.

சவுக்காரம் ரெண்டு வேலை செய்யுது. கொரோனா, இன்புளுவென்சா வைரசுக்கு வெளியில கொழுப்பு உறை ஒண்டு இருக்கு. சவுக்காரம் அதைக் கிழிச்சுப்போடும், வைரஸ் செத்திடும். ரோட்டா, நோரோ, ஹெப்பற்றைற்றிஸ் ஏ எல்லாத்துக்கும் அந்த உறை இல்லை. அதுகளைச் சவுக்காரம் தோல் எண்ணெயோட சேத்துக் கிளப்பிவிடும், தண்ணி அடிச்சுக்கொண்டு போகும். சனிடைசர் போதாதெண்டு சொல்லுறது இதாலதான். அற்ககோல் 60 வீதத்துக்குக் குறையாம இருந்தா உறையுள்ள வைரசைக் கொல்லும், நோரோ மாதிரியானதுக்கு நம்ப ஏலாது. மண்ணில விளையாடின கையில, எண்ணெய்க் கையில அது சரியா வேலை செய்யாது. சின்னப் பிள்ளையள் குடிச்சுப்போடுவினம், அடுப்புக்கு விளக்குக்குக் கிட்ட நெருப்புப் பிடிக்கும். ஆசிரியர் மேசை லாச்சியில ஒரு போத்தல், அதுக்கு மேல வேண்டாம்.

கிணத்தடி:
தண்ணிப் பிரச்சினைக்கு நான் சொல்லுறன். கேத்தலில பிடிக்கிற அந்த வெள்ளைப் படைதான் விசயம். தண்ணியில கல்சியமும் மக்னீசியமும் கூட. கட்டிச் சவுக்காரம் அதோட சேந்து சாம்பல் நிறத்தில தயிர் மாதிரித் திரையும். திரைஞ்சது கழுவுறதில்லை. அது முடிஞ்ச பிறகு போடுற சவுக்காரம்தான் நுரைக்கும். எண்டபடியால் அளவுகோல் நுரை. நுரை வரும்வரைக்கும் தேயுங்கோ, வராட்டி இன்னும் கொஞ்சம் போடுங்கோ.

மலிவான வழி சவுக்காரத் தண்ணி. 1.5 லீற்றர் போத்தலில 30 கிராம் உடுப்புத் தோய்க்கிற பவுடர் போட்டு மிச்சத்துக்குத் தண்ணி விட்டுக் குலுக்குங்கோ. பவுடர் இப்பிடியான தண்ணியில திரையாது. மூடியில ஊசியைச் சூடாக்கி ஒரு துளை. சோடாப் போத்தல் எண்டா பிள்ளையள் குடிக்கப் பாப்பினம், அதால போத்தலைச் சுத்திச் சிவப்புத் துணி கட்டி, அவைக்கு எட்டாத உயரத்தில வச்சு ரீச்சர்தான் ஊத்த வேணும். கையில புண், சிரங்கு இருக்கிற பிள்ளைக்கு இது எரியும், அவைக்குக் கைகழுவுற திரவம் வேறயா வையுங்கோ.

வாளியும் கோப்பையும் இண்டைக்கே எடுங்கோ. ஊத்தைக் கையால கோப்பைப் பிடியைப் பிடிச்சுத்தான் தண்ணி அள்ளுறது. கழுவின பிள்ளையும் திரும்ப அதே பிடியைப் பிடிக்குது. காலால மிதிக்கிற கான் கட்டுறது ஒரு பின்னேர வேலை. கவர்க்கம்பு ரெண்டை அரை மீற்றர் ஆழத்தில நடுங்கோ, இடைவெளி 70 சென்ரிமீற்றர். 5 லீற்றர் கானில மூடிக்கு 12 சென்ரிமீற்றர் கீழ, ஆணியைப் பழுக்கக் காய்ச்சி ஒரே ஒரு துளை. துளைக்குக் கீழ வரைக்கும்தான் தண்ணி விடலாம், மேல நிரப்பினா சும்மாவே ஒழுகும். கைபிடிக்குள்ளால குறுக்குத் தடி ஒண்டை ஓட்டிக் கவரில தொங்கவிட்டு, கான் கழுத்தில கயிறு கட்டி நிலத்தில கிடக்கிற மிதிதடியோட இணையுங்கோ. மிதிச்சா கான் சரிஞ்சு தண்ணி நூலா வரும், காலை எடுத்தா நிக்கும்.

பிழை வாறது எங்கயெண்டா: ஆணி மொத்தமெண்டா தண்ணி கெதியா முடியும். வெள்ளைக் கான் வெயிலில பாசி பிடிக்கும், கிழமைக்கு ஒருக்கா உரஞ்சுங்கோ. வெளியில கட்டித் தொங்கவிட்ட சவுக்காரத்தைக் காகம் கொண்டுபோயிடும். கீழ விழுற தண்ணிக்கு ஒரு முழம் சதுரத்தில கிடங்கு வெட்டிச் சல்லி நிரப்பாட்டி நுளம்பு பெருகும், பிறகு டெங்கு வந்து நிக்கும்.

கணக்கு இப்பிடிப் போடுங்கோ: ஒரு கழுவலுக்கு 200 மில்லிலீற்றர், 40 பிள்ளை, நாளைக்கு மூண்டு தரம், 24 லீற்றர். ஆவணி வரட்சியிலயும் சமாளிக்கலாம், தேய்க்கிற நேரம் மிதியில இருந்து காலை எடுத்தா.

ஒட்டுசுட்டான்_ரீச்சர்:
நன்றி அண்ணை. சவுக்காரம் இல்லாத நாளில சாம்பல் பாவிக்கலாமோ? மற்றது, பிள்ளையள் அஞ்சு செக்கனில முடிச்சிட்டு ஓடுகினம்.

குடும்பநலம்_மாங்குளம்:
ரீச்சர், ஒண்டுமே இல்லாட்டி அடுப்பில எரிஞ்ச சுத்தமான சாம்பலைப் பாவிக்கலாம். அது காரத்தன்மை, தேய்ச்சுக் கழுவ ஊத்தை கிளம்பும். ஆனா சவுக்காரத்துக்கு ஈடெண்டு நினைக்காதேங்கோ. முற்றத்து மண் வேண்டவே வேண்டாம், அதில புழு முட்டையும் மலக்கிருமியும் இருக்கலாம்.

நேரம் தேய்க்கிறதுக்கு மட்டும் 20 செக்கன். ஒண்டில இருந்து இருபது மட்டும் ஆறுதலா எல்லாரும் சேந்து எண்ணட்டும். எண்ணுற நேரம் கை எங்க போகுதெண்டு பாருங்கோ. உள்ளங்கை ரெண்டும் நல்லாத் தேய்படும், பெருவிரலும் விரல் நுனியும் நகக்கண்ணும் மறந்துபோகும். பெருவிரலை மற்றக் கைக்குள்ள பொத்திச் சுழட்ட வேணும், நகத்தை உள்ளங்கையில சுரண்ட வேணும்.

பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறதை விடக் காட்டிக் குடுங்கோ. கையில நாலு துளி தேங்காயெண்ணெய் பூசி, கறுவாத் தூள் ஒரு சிட்டிகை தேய்ச்சுவிடுங்கோ. அதுதான் கிருமி. முதல்ல வெறும் தண்ணியில கழுவச் சொல்லுங்கோ, தூள் அப்பிடியே ஒட்டிக்கொண்டு நிக்கும். பிறகு சவுக்காரம் போட்டா உள்ளங்கை வெளிக்கும், நகத்தடியிலயும் விரலிடுக்கிலயும் மட்டும் மண்ணிறமா மிச்சம் கிடக்கும். பிள்ளையே அதைப் பாத்து "இன்னும் இருக்கு" எண்டு சொல்லும்.

எப்ப கழுவுறதெண்டதுதான் எங்கட பக்கத்தில பெரிய பிழை. மீன்குழம்பு மணம் போகச் சாப்பிட்ட பிறகு சவுக்காரம் தேடுறம், சாப்பிட முதல் விரலை நனைக்கிறதோட சரி. சோத்தைக் குழைக்கிறது அந்த விரல்தான். சாப்பிட முதல், மலசலகூடத்தால வந்த உடன, மூக்குச் சிந்தினாப் பிறகு, வெளியில விளையாடி வந்த பிறகு. சத்துணவு சமைக்கிற அம்மாமாருக்கும் இதேதான், வயித்தோட்டம் எண்டா அண்டைக்கு அவை சமையலுக்கு வரக் கூடாது.

பொதுத் துவாயைக் கழட்டி எடுங்கோ. ஈரக் கை காஞ்ச கையை விடக் கன கிருமியைக் கடத்தும், அதால துடைக்கத்தான் வேணும். ஆனா நாப்பது பிள்ளைக்கு ஒரு துவாயெண்டா முதல் பிள்ளையின்ர சளி கடைசிப் பிள்ளைக்குப் போகும். ஆளுக்கொரு கைக்குட்டை, பேர் தைச்சு, வீட்டில நாளாந்தம் தோய்ச்சுத் தரச் சொல்லுங்கோ. மறந்து வாற பிள்ளை கையை உதறிக் காத்தில காய விடட்டும், சட்டையில துடைக்க விடாதேங்கோ.